பசித்த குடலும் தாவர நாரும்

பெருங்குடலில் அடைப்போ காயமோ ஏற்பட்ட நோயாளிகளுக்கு, அறுவைச் சிகிச்சை வைத்தியர்கள் மலம் செல்லும் மார்க்கத்தை வயிற்றின் முன்சுவருக்குத் திருப்பி, அங்கே ஒரு புதிய வாயை அமைத்து, அதற்குக் கீழே உள்ள குடற்பகுதிக்கு மாதக்கணக்கில் பூரண ஓய்வு கொடுத்துவிடுவது உண்டு. எந்த வேலையும் இல்லாமல், எந்த அசுத்தமும் தீண்டாமல் கிடக்கும் அந்தப் பகுதி முன்னைக்காட்டிலும் ஆரோக்கியமாக இருக்கும் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். நடப்பதோ நேர்மாறு. முன்பு ஒரு குறையுமின்றி இருந்த குடலின் உட்சவ்வு சிவந்து, வீங்கி, தொட்டால் இரத்தம் கசியும் நிலைக்கு வந்துவிடுவதை 1981ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் சிலர் எழுதி வெளியிட்டனர். புதிதாகக் கிருமி எதுவும் புகவில்லை. விஷம் எதுவும் சேரவில்லை. அவ்வழியே போக வேண்டிய ஏதோ ஒன்று போகாமல் நின்றதே வியாதிக்குக் காரணமாயிற்று.

அது எது என்பதற்கு விடை 1989ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்திலிருந்து வந்தது. அங்கே நான்கு நோயாளிகளின் ஓய்ந்து கிடந்த குடலுக்குள் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் மூன்று எளிய கொழுப்பமில உப்புகளைக் கரைத்த நீரைத் தினம் இருமுறை செலுத்தி வந்தார்கள். சில வாரங்களில் அழற்சி தணிந்தது. இம்மூன்றும், நாம் உண்ணும் காய், கனி, தானியம், பருப்பு ஆகியவற்றில் நம்மால் ஜீரணிக்க இயலாமல் எஞ்சும் பாகத்தைப் பெருங்குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் புளிக்கவைத்து இரவும் பகலும் தயாரித்துக்கொண்டிருக்கும் பொருள்கள். சக்கை என்று நாம் அலட்சியமாகச் சொல்லி வந்த அந்தப் பாகம் இல்லாவிட்டால் குடலின் சவ்வு பட்டினி கிடக்கிறது. பட்டினி கிடக்கும் சவ்வில் அழற்சி எழுகிறது. இந்த ஒரு செய்தியின் மீதுதான், தாவரங்களிலுள்ள பாலிசாக்கரைடுகளைக் குடல் அழற்சிக்கு உபகாரமான ஆகாரமாகக் கொள்ளலாமா என்ற இன்றைய ஆராய்ச்சி முழுவதும் எழுந்து நிற்கிறது.

பாலிசாக்கரைடு என்பது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சர்க்கரைக் கூறுகள் ஒன்றோடொன்று கோக்கப்பட்ட நீண்ட தொடர். ஒரே கூடை மல்லிகையைக் கொண்டு பூக்காரி நெருக்கமாகவும் கலக்கமாகவும் பலவகைச் சரங்களைத் தொடுப்பதைப் போல, இயற்கையும் குளுக்கோஸ் என்ற ஒரே சர்க்கரையை ஒருவிதமாகப் பிணைத்து அரிசியின் மாவுப் பொருளையும், மற்றொரு விதமாகப் பிணைத்துப் பருத்தி நூலின் செல்லுலோஸையும் செய்துவிடுகிறது. முன்னதை நம் உமிழ்நீரும் கணைய நீரும் எளிதில் பிரித்துவிடும். பின்னதன் மீது அவற்றுக்கு அதிகாரம் கிடையாது. கொய்யா, ஆப்பிள், எலுமிச்சைத் தோல் ஆகியவற்றில் உள்ள பெக்டின், வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின், வெந்தயத்திலும் கொத்தவரை விதையிலும் உள்ள காலக்டோமன்னான், பார்லியிலும் ஓட்ஸிலும் உள்ள பீட்டா குளுக்கான், வெண்டைக்காயின் வழவழப்பு ஆகிய யாவும் நம் ஜீரண நீருக்குக் கட்டுப்படாமல் பெருங்குடலை அடையும் நார்ப்பொருள் என்னும் கூட்டத்தைச் சேர்ந்தவை. மாவுப் பொருளிலும் ஒரு பங்கு இப்படித் தப்பிச் செல்வதுண்டு. பச்சை வாழைக்காயிலும், வேகவைத்து ஆறிப்போன சோற்றிலும் உருளைக்கிழங்கிலும் அந்தப் பங்கு அதிகம்.

நமக்கு இல்லாத அதிகாரம் நம்முள் வாழும் நுண்ணுயிர்களுக்கு இருக்கிறது. பாக்டீராய்ட்ஸ் தீட்டாயோட்டாமைக்ரான் என்ற நீண்ட பெயருடைய ஒரு குடல்வாசியின் மரபணுத் தொகுதியை 2003ஆம் ஆண்டில் செயின்ட் லூயி நகரத்து விஞ்ஞானிகள் படித்து முடித்தபோது, சர்க்கரைத் தொடர்களை அறுப்பதற்கென்றே அந்த ஒரு ஜீவன் இருநூறுக்கும் மேற்பட்ட நொதிகளை வைத்திருப்பது தெரிந்தது. இவற்றின் திறமை நிலையானதுமன்று; உண்பவரின் வழக்கத்தை அநுசரித்து வளர்வது. ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாக உண்டு வரும் நோரி என்ற கடற்பாசியின் மேல் ஒட்டியிருந்த கடல் நுண்ணுயிரிலிருந்து, அந்தப் பாசியின் பாலிசாக்கரைடை அறுக்கும் மரபணு ஜப்பானியரின் குடல் நுண்ணுயிருக்கு இடம் பெயர்ந்திருப்பதை 2010ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். ஓர் இனத்தாரின் சமையல் வழக்கம் அவர்களுடைய வயிற்றின் உயிரியலையே மாற்றி எழுதியிருக்கிறது என்பதைக் காட்டும் இதற்கு நிகரான பிரத்தியட்ச சான்று வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நுண்ணுயிர்கள் தயாரிக்கும் மூன்று பொருள்களில் பியூட்டிரேட்டுக்குத் தனி விசேஷம் உண்டு. உடலின் மற்ற அணுக்கள் பெரும்பாலும் இரத்தம் கொண்டுவந்து தரும் குளுக்கோஸையும் கொழுப்பையும் நம்பி வாழ, பெருங்குடலின் உட்சவ்வு அணுக்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தைத் தங்கள் முன்னே கிடக்கும் பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன என்பதை ரோடிகர் என்ற ஆராய்ச்சியாளர் 1980ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பெருங்குடல் புண்நோயில் சவ்வு அணுக்களால் இதைச் சரிவர எரித்துக்கொள்ள முடியவில்லை என்று கண்ட அவர், அந்த நோயே ஒரு சக்திக் குறைவின் விளைவாக இருக்கலாமோ என்ற கேள்வியையும் அதே ஆண்டில் எழுப்பினார். பியூட்டிரேட்டை எரிக்கும்போது சவ்வு அணுக்கள் பிராணவாயுவையும் செலவழித்துவிடுவதால் குடலின் உள்வெளியில் அந்த வாயு இல்லாத நிலை காக்கப்படுகிறது. அந்நிலையிலேயே நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் செழிக்கும். எரிபொருள் குறைந்தால் பிராணவாயு உள்ளே கசியும், தொல்லை தரும் இனங்கள் பெருகும், பியூட்டிரேட் செய்வோர் மேலும் அருகிப் போவார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றாக எழும் இந்தச் சுழலில் சிக்கிய குடல் தானாக மீள்வது கடினம்.

பியூட்டிரேட்டின் வேலை இதோடு முடிவதில்லை. எதிர்ப்புச் சக்தி எல்லை மீறிப் பொங்காமல் அடக்கும் ஒருவகை வெள்ளணுக்கள் உண்டு. இந்த எளிய அமிலங்கள் அவற்றைக் குடலில் பெருகச் செய்கின்றன என்பதை 2013ஆம் ஆண்டில் ஜப்பானிலும் அமெரிக்காவிலுமாக மூன்று குழுவினர் சுண்டெலிகளில் தனித்தனியே கண்டு வெளியிட்டனர். 2016ஆம் ஆண்டில் வந்த மற்றொரு பரீட்சையோ படிப்பவரைத் திடுக்கிடச் செய்வது. நார்ப்பொருள் நீக்கிய ஆகாரத்தைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது, உண்ண வேறொன்றும் கிடைக்காத நுண்ணுயிர்கள் குடற்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. அந்தச் சளியும் ஒருவகைச் சர்க்கரைத் தொடர்களால் ஆனதுதானே. படலம் மெலிந்த பிறகு, வெளியிலிருந்து வந்த நோய்க்கிருமிக்குச் சுவரை அணுகுவது சுலபமாகிவிட்டது.

குடல் அழற்சி நோய் என்று வைத்தியர்கள் சொல்வது முக்கியமாக இரண்டு வியாதிகளை. பெருங்குடலின் உட்சவ்வோடு நின்று, இரத்தமும் சளியும் கலந்த பேதியாக வெளிப்படும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண்நோய் ஒன்று. நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர் ஆகிய மூவர் 1932ஆம் ஆண்டில் வர்ணித்ததும், குடற்சுவரின் முழு ஆழத்தையும் தாக்கி, சில இடங்களில் குழாயையே குறுக்கிவிடுவதுமான க்ரோன் நோய் மற்றொன்று. இவை மேல்நாட்டாரின் வியாதிகள், நமக்கு வரமாட்டா என்று வெகுகாலம் நம்பியிருந்தோம். பஞ்சாபில் வீடு வீடாகச் சென்று நடத்தி 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கெடுப்பில், லட்சம் பேருக்கு 44 பேரிடம் பெருங்குடல் புண்நோய் இருப்பது தெரிந்தபின் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. இளம் பருவத்தில் தொடங்கி, தணிவதும் மீண்டும் எழுவதுமாக ஆயுள் முழுவதும் கூட வரும் இந்த நோயைத் தணிக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. வேரோடு களைய ஒன்றும் இல்லை. ஆகையால், “நான் என்ன சாப்பிட வேண்டும், டாக்டர்?” என்று நோயாளி முதல் நாளே கேட்கும் கேள்வியை அற்பமானதென்று யாரும் தள்ளிவிடலாகாது.

அந்தக் கேள்விக்கு வைத்திய உலகம் சொல்லி வந்த விடை ஒரே சீராக இருந்ததில்லை. சக்கை சேராத மிருதுவான ஆகாரமே உண்ண வேண்டும், தோலும் விதையும் நாரும் கூடாது என்பது நெடுநாள் கட்டளை. உகாண்டாவில் அறுவை வைத்தியராகப் பணிபுரிந்த டெனிஸ் பர்க்கிட், ஆப்பிரிக்க கிராமவாசிகளின் குடலில் ஆகாரம் விரைவாகக் கடந்து செல்வதையும், ஐரோப்பியரை வாட்டும் குடல் நோய்கள் பல அவர்களிடம் அரிதாக இருப்பதையும் கவனித்து, 1970க்குப் பின் நார்ப்பொருளின் பெருமையை உலகெங்கும் எடுத்துரைத்தபோது காற்று எதிர்த்திசையில் வீசத் தொடங்கியது. பிரிஸ்டல் நகரத்தில் 1979ஆம் ஆண்டில் முப்பத்திரண்டு க்ரோன் நோயாளிகளுக்கு நார் மிகுந்த, தீட்டாத தானிய உணவை அளித்துப் பார்த்தவர்கள், அவர்கள் மருத்துவமனையில் கழித்த நாட்கள் வெகுவாகக் குறைந்தன என்று மகிழ்ச்சியோடு எழுதினார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின் முன்னூற்றைம்பதுக்கும் அதிகமான நோயாளிகளைக் கொண்டு அதையே பெரிய அளவில் சோதித்தபோது குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் தெரியவில்லை. இத்தாலியர் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, சக்கை நீக்கிய ஆகாரம் உண்டவர்களுக்கும் வழக்கமான இத்தாலிய உணவை உண்டவர்களுக்கும் நோயின் போக்கில் வேறுபாடு இல்லை என்று காட்டியது. வீணாக விலக்கி வைத்ததனாலும் பயனில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாரி இறைத்ததனாலும் பயனில்லை என்பதுதான் இவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றும் அபிப்பிராயம். நோய் வராமல் தடுப்பதில் சித்திரம் சற்றுத் தெளிவாக இருக்கிறது: 1,70,776 அமெரிக்க நர்ஸுகளை இருபத்தாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில், நார்ப்பொருளை, அதிலும் பழங்களின் வழியாக, மிகுதியாக உண்டவர்களுக்கு க்ரோன் நோய் ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைவாக வந்தது, பெருங்குடல் புண்நோயில் அவ்வளவு தெளிவான வித்தியாசம் தென்படவில்லை.

இத்தனை நார்களுக்குள்ளே, தணிந்த நிலையில் இருக்கும் பெருங்குடல் புண்நோயாளிக்கு ஓரளவு துணிந்து சிபாரிசு செய்யத்தக்கது எது என்று என்னைக் கேட்டால் இசப்கோல் என்றே சொல்வேன். குஜராத்தின் வடபகுதியிலும் ராஜஸ்தானத்திலும் குளிர்காலத்தில் விளையும் ஒரு சிறு செடியின் விதை அது. உலகம் உபயோகிக்கும் இசப்கோலில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்தே செல்கிறது. விதையின் மேலுள்ள மெல்லிய உமியில் அராபினோக்சைலான் என்ற பாலிசாக்கரைடு இருக்கிறது. தண்ணீர் பட்டவுடன் தன் எடையைப் போல் பல மடங்கு நீரை உறிஞ்சிக் கூழாகிவிடும் இது, நுண்ணுயிர்களால் மெதுவாக, ஒரு பகுதி மட்டுமே புளிக்கப்படுவதாகையால், வெங்காயத்து இனுலினைப் போல் வாயுவைக் கிளப்பி வயிற்றை உப்பச் செய்வதில்லை. மலச்சிக்கலில் இளக்கமும், பேதியில் கட்டுப்பாடுமாக இருவகைக் கோளாற்றுக்கும் இது உதவுவதன் சூக்ஷ்மம் அந்த நீர்ப்பிடிப்பிலேயே இருக்கிறது.

ஸ்பெயின் தேசத்து வைத்தியர்கள் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சை இந்த விஷயத்தில் விரிவாக அறியத்தக்கது. நோய் தணிந்திருந்த நூற்றைந்து பேரை மூன்று பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இசப்கோல் விதை வேளைக்கு 10 கிராமாகத் தினம் இருமுறையும், இரண்டாவது பிரிவுக்கு வழக்கமான மருந்தாகிய மெசலமின் 500 மில்லிகிராமாகத் தினம் மூன்று முறையும், மூன்றாவது பிரிவுக்கு இரண்டையும் சேர்த்தும் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். அந்த ஓராண்டில் சிகிச்சை பலிக்காமற் போனவர்கள், விதை உண்டவர்களில் நூற்றுக்கு 40, மருந்து உண்டவர்களில் 35, இரண்டையும் உண்டவர்களில் 30. விதை உண்டவர்களின் மலத்தில் பியூட்டிரேட் கூடியிருந்ததும் தெரிந்தது. விதைக்கும் மருந்துக்கும் உள்ள வித்தியாசம் அற்பமாகத் தோன்றுவதைக் கண்டு இரண்டும் சமம் என்று தீர்ப்புக் கூறிவிட ஆசை எழும். ஆனால் இவ்வளவு சிறிய கூட்டத்தில் சமத்துவத்தை நிரூபிக்க முடியாது என்பதையும், யார் எதை உண்கிறார்கள் என்பதை மறைக்காமல் நடத்தப்பட்ட பரீட்சை இது என்பதையும் மறக்கலாகாது. அவர்கள் கொடுத்தது முழு விதை. நம் கடைகளில் வாங்குவது பெரும்பாலும் உமி. எனவே இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு, மருந்தோடு கூட இசப்கோலைச் சேர்த்துக்கொள்வதற்குத் தகுந்த ஆதாரம் இருக்கிறது என்பது மட்டுமே. மருந்தை நிறுத்திவிட்டு அதை உண்ணுவதற்கு இல்லை. ஸ்வீடனில் இருபத்திரண்டு நோயாளிகள் தினம் அறுபது கிராம் ஓட்ஸ் தவிட்டை உண்டபோது, நான்கு வாரங்களில் மலத்தின் பியூட்டிரேட் 36 சதவீதம் உயர்ந்ததோடு, நோய் திரும்பவும் இல்லை என்ற செய்தியையும் இதனுடன் வைத்துப் பார்க்கலாம்.

நம் வேலூருக்கும் இந்தச் சரித்திரத்தில் கௌரவமான ஓர் இடம் உண்டு. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய சகாக்களும், கடும் பேதியில் பெருங்குடல் தன் நீர் உறிஞ்சும் கடமையில் தவறுவதைக் கவனித்து, அங்கே கொழுப்பமிலங்கள் உண்டாகும்படி செய்தால் உப்பும் நீரும் மீண்டும் உறிஞ்சப்படுமல்லவா என்று யோசித்தார்கள். ஜீரணத்துக்குக் கட்டுப்படாத மக்காச்சோள மாவை லிட்டருக்கு 50 கிராம் வீதம் உப்புச் சர்க்கரைக் கரைசலில் கலந்து, காலரா கண்ட நாற்பத்தெட்டுப் பேரைக் கொண்ட பரீட்சையில் ஒரு பிரிவினருக்குக் கொடுத்தார்கள். சாதாரணக் கரைசல் குடித்தவர்களைக் காட்டிலும் அவர்களுடைய பேதி அளவிலும் குறைந்தது, சீக்கிரமும் நின்றது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த இந்த ஆராய்ச்சியை அடுத்து, டாக்காவில் தீராத பேதியால் அவதிப்பட்ட குழந்தைகளுக்கு வேகவைத்த பச்சை வாழைக்காயைச் சோற்று உணவில் சேர்த்துக் கொடுத்தபோது நான்காம் நாளுக்குள் நூற்றுக்கு 82 பேர் குணமடைந்தனர். வாழைக்காய் சேராத உணவை உண்ட குழந்தைகளில் அவ்வாறு தேறியவர்கள் நூற்றுக்கு 23 பேரே. காலராவும் குழந்தைகளின் பேதியும் கோலைட்டிஸ் ஆகமாட்டா. ஆயினும், மலிவான ஒரு மாவுப் பொருள் மனிதனின் பெருங்குடலுக்குள் போய் நோயின் போக்கையே மாற்ற வல்லது என்பதை இந்தப் பரீட்சைகள் கண்ணெதிரே காட்டின. ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரி வார்டுகளில் பிறந்த இந்த ஞானத்தை, அழகிய டப்பாக்களில் அடைத்து விற்கப்படும் நார்ப்பொடிகளுக்கு விளம்பரம் எழுதுகிறவர்கள் நினைவுகூர்வதில்லை என்பது என் மனத்தை வருத்துகிறது.

இனி மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். லண்டனில் நூற்று மூன்று க்ரோன் நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு இனுலின் வகையைச் சேர்ந்த பிரக்டோ ஆலிகோ சாக்கரைடைத் தினம் 15 கிராம் வீதம் நான்கு வாரங்கள் கொடுத்த பரீட்சை 2011ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோய் தணியவில்லை, உண்டவர்களில் பலர் வயிற்றுப் பொருமல் தாங்காமல் நடுவிலேயே விலகிக்கொண்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2023ஆம் ஆண்டில் இதற்குரிய காரணத்தை நெருங்கினார்கள். நோயாளிகள் சிலரின் குடலில் இந்தத் தொடர்களை அறுக்கும் நுண்ணுயிர்கள் அருகிப் போயிருக்கின்றன. புளிக்கப்படாமல் முழுமையாகவே சவ்வைச் சென்றடையும் அந்த நார், எதிர்ப்புச் சக்தி அணுக்களைத் தூண்டி அழற்சியை வளர்க்கிறது. உணவு இருந்தும் சமைப்போர் இல்லை. நார்ப்பொருள் எல்லாருக்கும் எப்போதும் நல்லது என்று பொதுப்படச் சொல்வோர் இந்த ஆராய்ச்சியை ஒரு முறையாவது படிக்க வேண்டும். எதிர்ப்புச் சக்தியில் குறையுள்ள சில சுண்டெலிகளுக்குச் சுத்தம் செய்த இனுலினை மாதக்கணக்கில் ஊட்டியபோது ஈரலில் புற்று உண்டானதாக 2018ஆம் ஆண்டில் வந்த அறிக்கை மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. என்றாலும், பழத்திலும் பருப்பிலும் பிற சத்துக்களோடு கலந்து மெல்ல மெல்ல வரும் நாரும், ஆலையில் பிரித்தெடுத்த பொடியும் ஒன்றே என்று எண்ணுவோருக்கு அது தக்க எச்சரிக்கை.

தாவரத்திலிருந்து வந்தது என்ற ஒன்றே நன்மைக்கு உத்தரவாதமாகாது என்பதற்குக் கடற்பாசியே சாட்சி. ராமநாதபுரம் கரையோரத்தில் மீனவப் பெண்கள் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கும் பாசியிலிருந்து கிடைக்கும் கராஜீனன் என்ற பாலிசாக்கரைடு, ஐஸ்கிரீம் முதலிய பண்டங்களைக் கெட்டியாக்க உதவுகிறது. இதையே அமிலத்தால் சிதைத்துக் குடிநீரில் கலந்து கொடுத்தால் சீமைப் பெருச்சாளிகளின் பெருங்குடலில் புண் உண்டாவதை 1969ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் கண்டார்கள். கோலைட்டிஸை ஆராய விரும்புவோர் பிராணிகளுக்கு அந்நோயை உண்டாக்க இதைக் கையாண்டும் வந்திருக்கிறார்கள். உணவில் சேர்ப்பது சிதைக்காத பொருள்தான். என் வீட்டில் குடல் அழற்சி உள்ளவர் யாரேனும் இருந்தால், இத்தகைய கெட்டிப் பொருள்கள் சேர்ந்த பண்டங்களைத் தள்ளியே வைப்பேன்.

நோயாளிகள் செய்யத்தக்கது பெரும்பாலும் காலத்தைப் பொறுத்தது. இரத்தம் போய்க்கொண்டிருக்கும் உக்கிர வேளையில் நாரைக் கூட்டுவது பொருந்தாது. அப்போது மருந்துக்கே முதலிடம், ஆகாரம் மிருதுவாகவே இருக்கட்டும். தணிந்த பிறகு, தோல் நீக்கிய பழம், நன்றாக வெந்த காய், பாசிப்பருப்பு, வாழைக்காய், ஓட்ஸ் அல்லது பார்லிக் கஞ்சி என்று ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டுச் சேர்த்துப் பார்க்கலாம். இசப்கோலைத் தொடங்குகிறவர்கள் ஒரு தேக்கரண்டி அளவில் ஆரம்பித்து, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்தவுடனே குடித்துவிட வேண்டும். நீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அது உப்பி அடைத்துக்கொள்ளக்கூடும். மற்ற மருந்துகளோடு ஒரே வேளையில் உண்ணாமல், இரண்டு மணி நேரமாவது தள்ளி வைத்துக்கொள்வது உசிதம். க்ரோன் நோயால் குடல் குறுகியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தவர்கள், வைத்தியர் அநுமதி இல்லாமல் இசப்கோலையும், வாழைத்தண்டு, கீரைத்தண்டு போன்ற நார் மிகுந்த காய்கறிகளையும் தொடலாகாது. உடம்பு தேறிவிட்டது போன்ற உணர்ச்சியை மட்டும் நம்பி மருந்தைக் குறைப்பதும் தவறு. உள்ளே அழற்சி மெய்யாகவே தணிந்திருக்கிறதா என்பதை மலத்திலுள்ள கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தின் அளவு காட்டிவிடும். அந்தப் பரீட்சை இப்போது நம் நகரங்களின் பல ஆய்வுக்கூடங்களில் செய்யப்படுகிறது. ஆகாரத்தை மாற்றுவதற்கு முன் ஒரு முறையும், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து மற்றொரு முறையும் அதைச் செய்துகொண்டு, அந்த இரு கணக்குகளையும் எடுத்துச் சென்று வைத்தியரிடம் பேசலாம்.